பித்தளை பர்னர் கறுத்துத் தீ மஞ்சளாக எரிகிறது – வீட்டுப் பொருட்களை வைத்தே சுத்தம் செய்ய எது சரி?

முல்லைக்கொடி:
வணக்கம். மூன்று பர்னர் உள்ள கண்ணாடி அடுப்பு. பெரிய பர்னரில் பாதி ஓட்டைகளில் தீயே வருவதில்லை. வரும் இடத்திலும் மஞ்சளாக நீண்டு எரிகிறது, குக்கர் அடியில் கரி பிடிக்கிறது. பால் பொங்கியது, பருப்புத் தண்ணீர் வழிந்தது, தாளிப்பு எண்ணெய் தெறித்தது எல்லாம் சேர்ந்து காய்ந்திருக்கிறது. கண்ணாடியிலும் பர்னரைச் சுற்றிப் பழுப்பு வளையம். சோடா உப்பும் வினிகரும் கலந்து ஊற்று என்கிறார் ஒருவர், ஈனோ போடு என்கிறார் இன்னொருவர், புளியே போதும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எதை எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

ஊதுகுழல்:
எதையும் ஊற வைக்கிறதுக்கு முன்னாடி பர்னர் என்ன உலோகம்னு பாருங்க மேடம். "பித்தளை பர்னர்"னு சொல்லி வாங்கின அடுப்புல பல சமயம் மேல உட்காருற மூடி மட்டும்தான் பித்தளை. அடியில ஜெட் (காஸ் பாயுற சின்ன முனை) பக்கம் நீண்டு போற மிக்ஸிங் டியூப் (காஸும் காத்தும் கலக்குற குழாய்) அலுமினியமாவோ வார்ப்பிரும்பாவோ இருக்கும். காந்தம் ஒட்டினா இரும்பு. ஒட்டலைன்னா கையில தூக்கிப் பாருங்க: லேசா வெள்ளையா இருந்தா அலுமினியம், கனமா மஞ்சளா இருந்தா பித்தளை. கறுத்துப் போய் நிறம் தெரியலைன்னா அடிப்பக்கம் ஒரு ஓரத்துல லேசா சுரண்டினா தெரிஞ்சுடும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

அதுக்கும் முன்னாடி ரெகுலேட்டரை மூடுங்க. அடுப்பு நல்லா ஆறட்டும். சூடான பர்னரைத் தூக்கிக் குளிர்ந்த தண்ணியில போடக்கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

கார_அமிலம்:
ஊதுகுழல் சொன்னது உலோகத்தைப் பற்றி. அதேபோல அழுக்கையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பர்னரில் இருப்பது ஒரே கறுப்பு இல்லை.

ஒன்று, எண்ணெயும் பாலும் பருப்பும் சூட்டில் காய்ந்து இறுகிய பிசின். இதைத் தளர்த்துவது காரம், அதாவது சோடா உப்பு, சலவை சோடா, சோப்பு. காரம் பட்டால் எண்ணெயின் ஒரு பகுதி சோப்பாகவே மாறும், மீதி இளகி நீரில் மிதக்கும். வெந்நீராக இருந்தால் இந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும்.

இரண்டு, பித்தளையின் மேல் படிந்திருக்கும் ஆக்ஸைடு. செம்பு சூட்டில் காற்றோடு சேர்ந்து உண்டான கறுப்பு அது. காரம் இதை அசைக்காது. புளி, எலுமிச்சை, வினிகர் போன்ற அமிலம்தான் கரைக்கும். உப்புக் கல் சேர்த்தால் இன்னும் சுலபமாகக் கரையும்.

பிசின் மேலே, ஆக்ஸைடு அடியில். எனவே காரம் முதலில், அமிலம் பிறகு. வரிசையை மாற்றினால் எண்ணெய்ப் படலம் அமிலத்தை உள்ளே விடாது. புளி போட்டு அரை மணி தேய்த்தும் போகவில்லை என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சோடா உப்பையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பதில் பலன் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். நுரை வரும், அது கார்பன் டை ஆக்ஸைடு. நுரை அடங்கிய பிறகு கிண்ணத்தில் இருப்பது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். அதற்குக் காரத்தின் பலமும் கிடையாது, அமிலத்தின் பலமும் கிடையாது.

அடுக்களைக்காரி:
அளவோடு சொல்கிறேன் தோழி, பித்தளை மூடிக்கு மட்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அதில் மூன்று மேசைக்கரண்டி சோடா உப்பு, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் லிக்விட். பர்னர் மூடிகளை ஓட்டைப் பக்கம் கீழே பார்க்கும்படி போட்டு முக்கால் மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பழுப்பாகி மேலே எண்ணெய் மினுக்கம் தெரியும். பழைய பல் துலக்கும் பிரஷால் உள்ளும் வெளியும் தேய்த்து அலசுங்கள். ரொம்ப நாள் அழுக்கு என்றால் அதே கரைசலைப் புதிதாகப் போட்டு இன்னொரு தரம். சோடா உப்புக்குப் பதில் சலவை சோடா இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி போதும். அதன் காரம் பலமானது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து எலுமிச்சம்பழ அளவு புளியை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்து, கோதை வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் புளி நார் ஓட்டைக்குள் போய் உட்காரும். பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது. எடுத்து, பிழிந்த புளிச் சக்கையாலேயே மேல்பக்கம் தேய்த்தால் மஞ்சள் நிறம் வந்துவிடும். புளி இல்லை என்றால் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, அல்லது வினிகரும் தண்ணீரும் சம அளவு.

கடைசியில் ஒரு தேக்கரண்டி சோடா உப்பு கரைத்த தண்ணீரில் முக்கி எடுங்கள். மிச்ச அமிலம் இருந்தால் மறுநாளே பச்சை பூக்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசித் தட்டிக் கவிழ்த்துக் காய வையுங்கள்.

பித்தளைப்பானை:
புளியில் ராத்திரி முழுக்க ஊற வைத்தால் இன்னும் பளிச்சென்று வரும் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்களே? ஆனால் அப்படிப் போட்ட பர்னர் சிவப்பாக மாறுவதையும் பார்க்கிறோம். ஏன்?

கார_அமிலம்:
பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பில் உள்ள துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறும், செம்பு மிஞ்சும். அந்தச் சிவப்பு அதுதான். அழுக்கு இல்லை, உலோகமே போயிருக்கிறது. அடிக்கடி இப்படிச் செய்தால் ஓட்டைகளின் விளிம்பு அரித்துப் பெரிதாகும், தீயின் அமைப்பே மாறும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். அதே கிண்ணத்தில் இரும்புக் கம்பி நார், ஊக்கு எதுவும் போடாதீர்கள். கரைந்திருக்கும் செம்பு அங்கங்கே படிந்து திட்டுத்திட்டாகத் தெரியும்.

முல்லைக்கொடி:
காந்தம் வைத்துப் பார்த்தேன். மேல் மூடி பித்தளை. அடியில் இருக்கும் குழாய்ப் பகுதி லேசாக, வெள்ளையாக இருக்கிறது, காந்தம் ஒட்டவில்லை. அதையும் சேர்த்து ஊற வைக்கலாமா?

ஊதுகுழல்:
கூடாது மேடம். அது அலுமினியம். சலவை சோடா பட்டா கறுத்துப் போய் மேல பொடிப்பொடியா அரிக்கும். சோடா உப்பைக் கொதிக்கிற தண்ணியில போட்டாலும் அதேதான்.

கார_அமிலம்:
காரணம் சொல்லிவிடுகிறேன். சோடா உப்பைக் கொதிநீரில் போட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி, ஒரு பகுதி சலவை சோடாவாக மாறுகிறது. காரத்தின் பலம் கூடுகிறது. எண்ணெய்ப் பிசினுக்கு அது நல்லது, அலுமினியத்துக்கு ஆகாது. அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உலோகத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பும்.

ஊதுகுழல்:
அலுமினிய டியூபுக்குக் கை பொறுக்கிற வெந்நீர், பாத்திரம் கழுவும் லிக்விட், இருபது நிமிஷம். குழந்தைப் பால் பாட்டில் கழுவுற நீளப் பிரஷ் இருந்தா டியூபுக்குள்ள விட்டுச் சுத்துங்க. உள்ளே மிச்சம் இருக்கிற கறுப்புக்கு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணி பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

உள்ளே சுத்தம் பண்ணுறது ரொம்ப முக்கியம். வெளியே பளபளப்பாக்கிட்டு டியூபை விட்டுட்டா மஞ்சள் தீ போகாது. ரெகுலேட்டர்ல இருந்து சுமார் 30 மில்லிபார் அழுத்தத்துல வர்ற காஸ் ஜெட் வழியா வேகமா டியூபுக்குள்ள பாயும்போது, பக்கத்துல இருக்கிற காத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும். அந்தக் காத்து கலந்தாதான் நீலத் தீ. மேல ஓட்டை அடைச்சிருந்தாலோ, டியூபுக்குள்ள கரப்பான் பூச்சி, சிலந்தி வலை, ஒட்டடை இருந்தாலோ காத்து சரியா இழுக்காது. காஸ் அரைகுறையா எரியும், மஞ்சளாகும், கரி பிடிக்கும். காஸும் வீணாகும். ஊருக்குப் போய் பத்துப் பதினைஞ்சு நாள் அடுப்பு சும்மா கிடந்தா பூச்சி ஏறுறது சகஜம்.

இரும்பு பர்னரா இருந்தா ஊற வைக்கிற பேச்சே வேண்டாம். காஞ்ச பிரஷால தட்டி, சோப்புத் தண்ணியில கழுவி, உடனே துடைச்சு சூட்டுல காய வைக்கணும். அமிலம் பட்டா துரு ஏறி அதே துரு ஓட்டையை அடைக்கும்.

சுடர்விழி:
சோடா உப்பும் வினிகரும் கலந்த கதைதான் ஈனோவும் என்று சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். வெந்நீரில் பர்னரைப் போட்டு ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து இரண்டு பாக்கெட் ஈனோ கொட்டினால் ஓட்டைக்குள் இருக்கும் துகள் வெளியே வருவது கண்ணுக்குத் தெரிகிறது. பித்தளையும் வெளுக்கிறது. பலன் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

கார_அமிலம்:
நியாயமான கேள்வி. ஈனோவில் ஏறத்தாழப் பாதி சோடா உப்பு, பாதி சிட்ரிக் அமிலம். அதில் எலுமிச்சையும் பிழியும்போது அமிலம் மிஞ்சுகிறது. பித்தளை வெளுப்பது அந்த மிச்ச அமிலத்தால். நுரையும் குறுகலான ஓட்டைக்குள் தளர்ந்து கிடக்கும் துகளை உந்தித் தள்ளும், மறுக்கவில்லை. ஆனால் இறுகிய எண்ணெய்ப் பிசினை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் காரம் அங்கே மிஞ்சவில்லை. சோடா உப்பு வெந்நீரில் பிசினை நீக்கிய பிறகு, புளிக்குப் பதிலாக ஈனோவும் எலுமிச்சையும் போட்டால் நல்ல பலன் தரும். அதை மட்டும் நம்பினால் மேலே மினுங்கும், ஓட்டைக்குள் அடைப்பு இருக்கும்.

சுடர்விழி:
அப்படியென்றால் இரண்டாம் கட்டத்துக்கு ஈனோ. ஏற்றுக்கொள்கிறேன்.

அடுக்களைக்காரி:
ஓட்டை குத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊற வைக்காமல் காய்ந்த பர்னரில் ஊசியால் குத்தாதீர்கள், அடைப்பு உள்ளே தள்ளப்பட்டு டியூபில் விழும். ஊறிய பிறகு, ஈரமாக இருக்கும்போதே, வெளியிலிருந்து உள்ளே குத்தாமல் முடிந்தவரை உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். பர்னர் ஓட்டைக்குக் குண்டூசியோ மெல்லிய ஊக்கோ சரி. பெரிய ஓட்டைக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி இன்னும் நல்லது, உலோகத்தைச் சுரண்டாது. நுனி முறிந்து உள்ளே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல் பொடி, சாம்பல் இரண்டும் குத்துவிளக்குக்கு நல்லவை, பர்னருக்கு வேண்டாம். தூள் ஓட்டையில் நிரம்பி ஈரத்தில் இறுகிவிடும்.

ஊதுகுழல்:
பர்னர் ஓட்டைக்கு ஊசி ஓகே. ஜெட்டுக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம்! ஜெட் ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அது அளந்து போட்டது. பித்தளை மிருதுவான உலோகம், தையல் ஊசி விட்டு ஒரு சுத்து சுத்தினாலே ஓட்டை பெருசாகிடும். அப்புறம் காஸ் அளவுக்கு மேல வரும், காத்து பத்தாது, எவ்வளவு கழுவினாலும் மஞ்சள்தான். பெருசான ஜெட்டைச் சின்னதாக்க வழியே இல்லை, மாத்தணும். மாத்தும்போதும் அதே அடுப்புக்கான ஜெட்தான் போடணும். பெரிய பர்னருக்கும் சின்ன பர்னருக்கும் ஜெட் அளவு வேற, சிலிண்டர் காஸுக்கும் குழாய் காஸுக்கும் வேற. ஜெட் அடைச்சிருக்குன்னு சந்தேகம் வந்தா சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க. அந்த ஒரு வேலையை வீட்டுல செய்ய வேண்டாம்.

பித்தளைப்பானை:
கண்ணாடி மேல் உள்ள பழுப்பு வளையத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடுக்களைக்காரி:
கண்ணாடி ஆறியிருக்க வேண்டும், அது முதல் நிபந்தனை. சூடான கண்ணாடியில் ஈரத் துணி போட்டால் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடலாம். டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் மொத்தமாகச் சில்லுச்சில்லாக நொறுங்கும்.

பழுப்பு வளையத்தின் மேல் சோடா உப்பை மெல்லிதாகத் தூவி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடி இருபது நிமிடம் விடுங்கள். ஊறுவதுதான் வேலையைச் செய்கிறது, தேய்ப்பதல்ல. பிறகு ஸ்பாஞ்சின் மெத்தென்ற பக்கத்தால் வட்டமாகத் துடையுங்கள். பால், பாகு கருகி ஒட்டியிருந்தால் பழைய ஏடிஎம் கார்டைச் சாய்த்துப் பிடித்து நெம்புங்கள். கத்தி, கம்பி நார் வேண்டாம். கண்ணில் தெரியாத கீறல்கூடக் கண்ணாடியைப் பலவீனமாக்கும், அடுத்த தடவை அழுக்கும் அந்தக் கீறலில்தான் பிடிக்கும். பர்னர் ஓட்டையைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு சீல் இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள்.

போர்த் தண்ணீர் உள்ள ஊர்களில் துடைத்த பிறகும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அது உப்புப் படிவு, அதற்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு. நேராக அடுப்பின் மேல் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். தண்ணீர் தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குள் இறங்கக்கூடாது, லைட்டர் இல்லாமல் தானாகப் பற்றும் அடுப்பு என்றால் தீப்பொறி தரும் வெள்ளை பீங்கான் முனையும் நனையக்கூடாது.

எவர்சில்வர் மேல்தட்டுக்கும் இதே முறை. ஆனால் சமையல் உப்பு தூவி விட்டுவைக்காதீர்கள், புள்ளி புள்ளியாக அரிக்கும். பர்னர் பக்கத்தில் சூட்டால் வரும் நீல நிறம் வினிகர்த் துணியில் ஓரளவு மங்கும். பாத்திரம் நிற்கும் ஸ்டாண்டுகளை வாளியில் சலவை சோடா வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டால் போதும். கறுப்பு எனாமல் பூசிய ஸ்டாண்டுக்கு வினிகரும் எலுமிச்சையும் வேண்டாம், பளபளப்புப் போய்விடும்.

கார_அமிலம்:
ஒரு எச்சரிக்கை. பாத்ரூம் கழுவும் அமிலத்தைப் பர்னரில் ஊற்றும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பித்தளை, அலுமினியம், எவர்சில்வர் மூன்றையும் அரிக்கும். சமைக்கும் இடத்தில் அதன் ஆவியும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரும் எந்த அமிலமும், வினிகர், எலுமிச்சை உட்பட, ஒரே கிண்ணத்தில் சேரவே கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சுக் குழாயைத் தாக்கும்.

முல்லைக்கொடி:
எல்லாம் சொன்ன வரிசையில் செய்து மாட்டியாயிற்று. ஓட்டைகள் திறந்துவிட்டன, தீ வட்டமாக வருகிறது. ஆனால் நுனியில் ஆரஞ்சு நிறமாக மினுக்கு மினுக்கென்று வருகிறது, படபடவென்று சத்தமும் கேட்கிறது. என்ன விட்டுப்போனது?

ஊதுகுழல்:
சத்தம் ஈரத்தால. டியூபுக்குள்ள தண்ணி நிக்குது. அடுப்பை அணைச்சு, ஆறினதும் கழட்டி, கவிழ்த்துத் தட்டுங்க. ரெண்டு மணி நேரம் நல்ல வெயில்ல வைங்க. மழை நாள்னா ஃபேன் அடியில ராத்திரி முழுக்க. காஞ்சுதான்னு பார்க்க வெள்ளைத் துணியை முறுக்கி டியூபுக்குள்ள விட்டு எடுங்க. மாட்டும்போது மூடியில இருக்கிற சின்ன மேடு பள்ளத்துல சரியா உட்காரணும், லேசா அசைச்சா ஆடக்கூடாது. ஆடினா இடுக்கு வழியா தீ வரும். சில சமயம் "டப்"னு உள்ளே போய் ஜெட்கிட்டேயே எரியும். அப்படி ஆச்சுன்னா உடனே திருகை மூடி, ஆறவிட்டு, மூடியைச் சரியா வைங்க.

கார_அமிலம்:
ஆரஞ்சுக்குக் காரணம் சோடியம். சோடா உப்பு, சமையல் உப்பு, சலவை சோடா மூன்றிலும் சோடியம் உண்டு. சரியாக அலசாவிட்டால் அதன் மிச்சம் தீயில் பட்டு ஆரஞ்சு நிறம் தரும். இது காஸ் அரைகுறையாக எரிவதால் வருவது இல்லை. பிரித்தறிவது எளிது: சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஐந்து நிமிடம் எரியவிட்டு அடியைப் பாருங்கள். கரி இல்லாமல் ஆரஞ்சு மட்டும் தெரிந்தால் உப்பு. கரி பிடித்தால் காற்றுக் குறைவு. உப்பு என்றால் நல்ல தண்ணீரில் மறுபடி அலசிக் காய வையுங்கள்.

முல்லைக்கொடி:
கரி இல்லை. அலசி வெயிலில் வைத்திருக்கிறேன். மிக்க நன்றி. இதை எத்தனை நாளுக்கு ஒரு தரம் செய்ய வேண்டும்?

அடுக்களைக்காரி:
தினமும் ராத்திரி ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. பொங்கி வழிந்த அன்றே பர்னரைத் தட்டிக் கழுவினால் பிசினாக இறுகாது. சோடா உப்பு வெந்நீர் மாதம் ஒரு முறை. புளி, எலுமிச்சை மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போதும். ஒவ்வொரு முறையும் அமிலம் கொஞ்சம் உலோகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகிறது. அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று பர்னரைச் சுற்றி அலுமினியத் தாளை இறுக்கி ஒட்டாதீர்கள், தீக்குப் பக்கவாட்டில் வர வேண்டிய காற்றும் தடைபடும்.

பித்தளைப்பானை:
ஒரு பர்னரின் திருகு இறுகிப் போய்த் திரும்பவே கஷ்டமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகுமா?

ஊதுகுழல்:
வேண்டாம் சார். திருகுக்கு அடியில இருக்கிற வால்வுல வெப்பம் தாங்குற தனி கிரீஸ் இருக்கும். அது திருகைச் சுலபமா சுத்த வைக்கிறதோட காஸ் கசியாமலும் அடைச்சுக்கிட்டு இருக்கும். தேங்காய் எண்ணெய் அந்தக் கிரீஸைக் கரைச்சுட்டு, சூட்டுல தானும் பிசினாகிடும். முதல்ல இறுகும், அப்புறம் கசியும். சர்வீஸ் ஆள் வால்வைக் கழட்டிப் பழைய கிரீஸைத் துடைச்சுப் புதுசு போடுவார், கால் மணி நேர வேலை.

அவர் வந்துட்டுப் போனதும், நீங்க அடுப்பை நகர்த்தித் துடைக்கும்போதும், சோப்புத் தண்ணியைப் பிரஷால தொட்டு, சிலிண்டர்ல இருந்து அடுப்புக்கு வர்ற ரப்பர் டியூபோட ரெண்டு முனையிலும், வால்வுக்கிட்டேயும் தடவிப் பாருங்க. குமிழ் வந்தா கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கக் கூடாது. அந்த ஆரஞ்சு சுரக்ஷா டியூபுல வெடிப்பு இருக்கான்னு வளைச்சுப் பாருங்க, அஞ்சு வருஷம் ஆகியிருந்தா வெடிப்பு இல்லைன்னாலும் மாத்தணும். வாடை வந்தா ரெகுலேட்டரை மூடி, சன்னல் கதவைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாம வெளியே வந்து காஸ் கசிவு அவசர எண் 1906க்குப் போன் பண்ணுங்க. சிலிண்டர் காஸ் காத்தை விடக் கனம், தரையோட தேங்கும். அதனால சன்னலைவிட வாசல் கதவைத் திறக்கிறது முக்கியம்.